படம் கீறிச் சுடும் பான்கேக்

கல்லில் முதலில் விழுந்த மா கூடுதல் நேரம் வேகும், அதனால் கூடக் கறுக்கும். கடைசியில் விழுந்தது வெளிறியே இருக்கும். பான்கேக்கில் யானையோ ஆமையோ கீறப் புறப்படுகிறவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மிச்சமெல்லாம் கைப்பழக்கம். கலர் வேண்டாம், அச்சு வேண்டாம். எந்தக் கோட்டை எப்போது போடுகிறீர்கள் என்பதில்தான் கறுப்பும் வெள்ளையும் இருக்கிறது.

நான் படவரைஞனாக வேலை பார்த்து பென்சன் எடுத்தவன். கணினி வருவதற்கு முந்திய ஆட்கள் நாங்கள். ட்ரேசிங் தாளில் மைப்பேனாவால் கட்டட வரைபடம் கீறியவர்கள். இப்போது வெள்ளவத்தையில் மகளின் பிளாட்டில் இருக்கிறோம். பேரப்பிள்ளைகள் ஞாயிறு காலை அறநெறி வகுப்புக்குப் போக முன்னம் ஏதாவது உருவத்தில் சுட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. கிழமை நாட்களில் இது சரிவராது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். வான் அதற்கு எவ்வளவோ முந்தியே கீழே வந்து ஹோர்ன் அடிக்கும். அந்த அவதியில் பாணும் பட்டரும்தான். சனி, ஞாயிறு, போயா, இவைதான் பான்கேக் நாட்கள்.

பேக்கரிகளில் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டி விற்கிற பான்கேக் இதற்கு உதவாது. அந்த மா தண்ணீர்ப் பதம். கல்லில் விட்டதும் ஓடிப் பரவும், கோடு நிற்காது. நமக்கு வேண்டியது தடித்துப் பொங்கி வரும் வகை, அதிலும் பொங்கலைக் கொஞ்சம் அடக்கிய மா.

நாலு பேருக்கு என் அளவு: கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று, பால் 300 மில்லிலீற்றர், உருக்கிய பட்டர் ஒரு மேசைக்கரண்டி. பால்மா என்றால் ஐந்து மேசைக்கரண்டியை அந்த அளவு தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான செய்முறைகளில் பேக்கிங் பவுடர் இதைப்போல இரண்டு மடங்கு வரும். அப்படிப் போட்டால் மெத்தென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய பெரிய குமிழிகள் கிளம்பிக் கோடுகளைப் பிய்த்துவிடும். மெத்தென்ற பான்கேக் வேண்டுமானால் வட்டமாகவே சுட்டுவிடலாமே.

சீனியை மாவோடு சேர்க்காமல் பாலில் போட்டு முழுதாகக் கரையும் வரை கலக்குங்கள். நம் கடைகளில் கிடைப்பது பருமனான சீனி. கரையாத மணி கல்லில் பட்டால் அங்கே மட்டும் கருகி ஒரு கறுப்புப் புள்ளி விழும், யானையின் கன்னத்தில் மரு வந்துவிடும். ஆனால் சீனியையும் பாலையும் இனிப்புக்கும் ருசிக்கும் மட்டும் போடுவதாக நினைக்க வேண்டாம், நிறம் வருவதே இவற்றால்தான். புரதமும் சில சீனி வகைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை 1912 இல் எழுதிய பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமில் மேயார் பெயரால் மேயார் தாக்கம் என்கிறார்கள். அது ஏறத்தாழ 140 பாகை செல்சியஸுக்கு மேல்தான் வேகமெடுக்கும். ஈரம் உள்ளவரை மா 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. அதனால் கல்லைத் தொட்டுக்கொண்டு ஈரம் வற்றிய அடிப்பக்கம் மட்டும் பழுக்கிறது, நடுவில் வெள்ளையாக அவிகிறது. நம் படம் முழுவதும் அந்த அடிப்பக்கத்துத் தோலில்தான்.

மா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து அரிதட்டில் இரண்டு தரம் அரியுங்கள். சீனி கரைத்த பாலில் முட்டையை அடித்து, பட்டரை விட்டு, அதை மாவில் ஊற்றி, கட்டி இல்லாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். ஆசைக்கு அடித்துக்கொண்டே இருந்தால் கோதுமையின் பசைத்தன்மை கிளம்பி, சுட்டது தோல் மாதிரி இழுபடும். வட்டப் பான்கேக்குக்கு இரண்டொரு கட்டி கிடந்தால் குற்றமில்லை. இங்கே கட்டி போத்தல் மூக்கில் போய் அடைக்கும். நீங்கள் அழுத்த, அது ஒரேயடியாகக் கக்கும், படம் போய்விடும். ஆகவே கலந்த மாவையும் ஒருமுறை வடியில் விட்டு எடுங்கள். கால் மணித்தியாலம் மூடி வைத்தபின் அகப்பையால் அள்ளி மேலிருந்து விட்டுப் பாருங்கள். விழுந்த கோடு மூன்று எண்ணும் வரை மேலே தெரிந்து அப்புறம் மறைந்தால் பதம் சரி. உடனே மறைந்தால் ஒரு கரண்டி மா. மறையாமலே நின்றால் ஒரு கரண்டி பால்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்று இருக்கிற வீட்டில் முட்டைக்குப் பதில் கால் கப் தயிரும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போடலாம். வாழைப்பழம் மசித்துப் போடச் சொல்வார்கள். ருசிக்கு நல்லதுதான், ஆனால் அதன் நார் மூக்கை அடைக்கும்.

போத்தல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம், அதற்கு அவசியமும் இல்லை. சாப்பாட்டுக் கடை மேசைகளில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிற கூர்மூக்குச் சோஸ் போத்தல், புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். ஒன்றின் மூக்கை மூன்று மில்லிமீற்றர் துளை வருகிற மாதிரி நறுக்குங்கள், அது கோட்டுக்கு. மற்றதை அதைப்போல இரண்டு மடங்கு அகலமாக, அது நிரப்ப. பாதிக்கு மேல் மா நிரப்பாதீர்கள்; மேலே காற்று இருந்தால்தான் கையைத் தளர்த்தியதும் மா உள்ளே இழுபட்டு ஒழுக்கு நிற்கும். கடைக்குப் போக நேரமில்லை என்றால் தடித்த பொலித்தீன் பையில் மாவை விட்டு ஒரு மூலையைக் கத்தரியுங்கள். ஒரு காலைக்குத் தாங்கும்.

கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே தவிர, வீட்டு இரும்புத் தோசைக்கல் இதற்கு ஏற்றதில்லை. அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைக்க நினைத்த நேரத்தில் குறையாது. தட்டையான நொன்ஸ்டிக் சட்டி, 24 இலிருந்து 28 சென்ரிமீற்றர் அகலம், அதுதான் நல்லது. காஸ் அடுப்பில் சுவாலை வளையத்துக்கு நேர் மேலே சூடு அதிகம்; சட்டியை அவ்வப்போது கால் வட்டம் திருப்பி வையுங்கள். 2022 இல் காஸ் கிடைக்காமல் தெருவெல்லாம் வரிசை நின்ற காலத்தில் பல வீடுகளில் மின் அடுப்பு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு இன்டக்‌ஷன் அடுப்பு அப்படி வந்ததுதான், இந்த வேலைக்கு அது மோசமில்லை. குறைந்த சூட்டில் அப்படியே நிற்கிறது.

எண்ணெய் தடவினால் படம் கெடும். எண்ணெய் திட்டுத் திட்டாக நின்ற இடத்தில் மா ஒரு விதமாகவும் நில்லாத இடத்தில் வேறு விதமாகவும் பழுக்கும். தோலில் தேமல் விழுந்த மாதிரி வரும். கோடும் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு சொட்டு விட்டுத் தாளால் சட்டி முழுக்கத் துடைத்து எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு மிஞ்சினால் போதும். மாவிலேயே பட்டர் இருக்கிறது, ஒட்டாது.

சூடு குறைவாக இருக்கட்டும். கோடு போட உங்களுக்கு ஒரு நிமிடமாவது பிடிக்கும். சட்டி கொதித்தால் வாலைக் கீறி முடிக்க முன்னம் தும்பிக்கை கருகிவிடும். ஒவ்வொரு பான்கேக்குக்குப் பிறகும் சட்டியை இறக்கி ஈரத் துணி மேல் ஒரு கணம் வையுங்கள். சீறல் அடங்கியதும் அடுத்ததைத் தொடங்கலாம். என் மனைவி குசினிக்கு வெளியே இருந்தே மணத்தைப் பிடித்துவிடுவார். "இஞ்சருங்கோ, படம் பிறகு கீறலாம், முதல் அடுப்பைக் குறையுங்கோ." எப்போதும் சரியாகத்தான் சொல்வார்.

ஆமையில் தொடங்குங்கள், அது மன்னிக்கிற உருவம். கோட்டுப் போத்தலால் ஒரு வட்டம், அதற்குள் ஓட்டின் கட்டங்கள். தலை, நாலு கால், வால் எல்லாம் குட்டையாக, ஒரு விரல் தடிப்புக்குக் குறையாமல். அரை நிமிடம் பொறுங்கள். கோட்டின் பளபளப்பு மங்கி ஓரம் காய்ந்து வரும். அதுதான் அடையாளம். பிறகு அகல மூக்குப் போத்தலால் உள்ளே நிரப்புங்கள். நிரப்பும் மா கோட்டைத் தொட்டு நின்றால் போதாது, அதன் மேலேயே ஏறிப் படிய வேண்டும். கோட்டுக்கும் நிரப்பலுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் திருப்பும்போது அந்த இடத்தில்தான் கழன்று வரும். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே வெள்ளைக் குளமாகத் தெரியும், படம் அழிந்துவிட்டது என்று பயம் வரும். அழியவில்லை. அது அடியில் பத்திரமாக இருக்கிறது.

மேலே குமிழிகள் வந்து உடைந்து, உடைந்த துளைகள் மூடிக்கொள்ளாமல் நின்றால் திருப்பும் நேரம். கடைசியாக நிரப்பிய இடத்தையும் பாருங்கள். அங்கே இன்னும் ஈரம் பளபளத்தால் பொறுங்கள். அகலமான தட்டகப்பையை முழு நீளத்துக்கும் உள்ளே விட்டு, உயர்த்தாமல், தாழவே புரட்டுங்கள். மறுபக்கம் முக்கால் நிமிடம் போதும். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆமை கைவந்தால் யானை. கொழும்பில் பெப்ரவரியில் கங்காராம விகாரையின் நவம் பெரஹரா போகும்; விளக்கும் துணியும் போர்த்த யானைகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு வெறும் யானை போதாது, அலங்கரித்த யானை வேண்டும். அதற்கு மூன்று நிறம் தேவை, மூன்றையும் நேரத்தால்தான் எடுக்க வேண்டும். முதலில் கோடு: நெற்றி, தும்பிக்கை, கால்கள், முதுகு, காதின் வளைவு, கண், முதுகுத் துணியின் விளிம்பு, துணியில் வரிசையாகப் புள்ளிகள். இவை கடும் பழுப்பாக வரும். சற்றுப் பொறுத்துக் காதை மட்டும் நிரப்புங்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து உடம்பு. எல்லாவற்றுக்கும் கடைசியாகத் துணியையும் தந்தத்தையும் நிரப்புங்கள். தந்தத்துக்கு முன்கூட்டியே கோடு போடவே கூடாது, உடம்பை நிரப்பிய பின் ஒரே இழுப்பில் வெளியே இழுத்துவிடுங்கள். திருப்பியதும் வெளிறிய துணியில் கறுத்த புள்ளிகள், காது உடம்பைவிட ஒரு படி இருட்டு, தந்தம் ஏறக்குறைய வெள்ளை. தும்பிக்கையைத் தனியே தொங்க விடாதீர்கள். வளைத்து வாயிலோ முன்காலிலோ ஒட்டிவிட்டால் உடையாது.

மெல்லிய உருவங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. "அம்மப்பா, தாமரைக் கோபுரம்" என்று கேட்கிறாள் பேத்தி. மேலே பூ, கீழே மெல்லிய நீளத் தண்டு. தட்டகப்பையில் ஏறும்போதே தண்டு முறியும். கோபுரத்தைச் சுற்றி வானத்தையும் நிரப்பி ஒரு நீள்சதுரமாகச் சுட்டுத்தான் அவளைச் சமாளிக்கிறேன். காலிமுகத் திடல் பட்டத்துக்கும் அதே வழி: பட்டம் ஒரு துண்டு, வால் குட்டித் துண்டுகள், தட்டில் சேர்த்து வைத்தால் சரி. ரயில் இன்னும் சுகம். இங்கே கடற்கரைப் பாதையில் ரயில் போகிற சத்தம் வீட்டுக்குக் கேட்கும், ஆகவே அதற்கு எப்போதும் கிராக்கி. பெட்டிக்கு ஒரு சிறு பான்கேக், ஜன்னலைக் கோட்டால் கீறி, ஜன்னலுக்குள்ளே கடைசியில் நிரப்புங்கள். எத்தனை பெட்டி வேண்டும் என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும், தின்று முடிக்கப் போவதும் அவர்கள்தானே.

எழுத்து எழுதும்போது தொழில் மூளை வேண்டும். நாம் கீறுவது அடிப்பக்கம், பார்ப்பது திருப்பிய பிறகு. எல்லாம் இடம் வலமாக மாறிவிடும். வலப்பக்கம் நடக்கிற யானை வேண்டுமானால் இடப்பக்கம் பார்க்கக் கீற வேண்டும். யானை எந்தப் பக்கம் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை, எழுத்து அப்படியில்லை. தமிழில் ப புரண்டாலும் ப தான். அதைவிடச் சுலபம் ஃ, மூன்று சொட்டு விட்டால் முடிந்தது. எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு அதுதான் பிடித்த எழுத்து, மூன்று துண்டு கிடைக்கிறதே. ட, ம, க எல்லாம் புரண்டால் அசிங்கம். முழுப் பெயர் எழுதுவதானால் மெல்லிய தாளில் தடித்த பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி, வெளிச்சம் வரும் ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். தெரிகிற வடிவம்தான் சட்டிக்குரியது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு அப்படியே கீறுங்கள். முதலெழுத்து வலப்பக்கத்தில் இருந்து தொடங்கும், அதையும் மறக்க வேண்டாம். எழுத்தெல்லாம் கீறிய பின் ஒரு வட்டமாக மேலே நிரப்பிவிட்டால் பெயர் ஒரே துண்டாக வரும்.

பிள்ளைகள் தாங்களே கீற வேண்டும் என்று நிற்பார்கள். விடுங்கள். ஆறிய சட்டியை மேசையில் ஈரத் துணிமேல் வைத்துப் போத்தலைக் கையில் கொடுத்துவிடலாம், கை சுடாது, அவசரமும் இல்லை. ஆனால் நிரப்பலையும் ஆறிய சட்டியிலேயே செய்துவிட்டால் எல்லா மாவுக்கும் ஒரே நேரத்தில் சூடு ஏறும், கோடும் உடம்பும் ஒரே நிறமாகிப் படம் காணாமல் போகும். கோடு அவர்கள் கீறட்டும். சட்டியை நீங்கள் அடுப்பில் ஏற்றி, கோடு காய்ந்த பிறகு நிரப்புங்கள்.

கலர் வேண்டாம் என்று முதலில் சொன்னேன். அப்படியும் பிள்ளைகள் கேட்டால் கொக்கோ மட்டும் போடுவேன்: கால் கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளும் தளர்த்த ஒரு தேக்கரண்டி பாலும். அவசரக்காரர்களுக்கு இது உதவும், கோடு போட்டதும் காத்திராமல் நிரப்பலாம். பீற்றூட் சாறு போத்தலில் அழகாக இருக்கும், சூட்டில் மங்கிப் பழுப்படிக்கும். சில சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் ஓரளவு நிற்கும். சங்குப்பூ நீலம் புளி பட்டால் ஊதாவாகும், அப்பச்சோடா பட்டால் பச்சைப் பக்கம் சாயும்; அதை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் பாடமே நடத்தலாம், ஆனால் எல்லா நிறத்தின் மேலும் பழுப்பு வந்து ஏறிக்கொள்ளும். கலர் போட்ட நாட்களில் சூட்டை இன்னும் குறைக்க வேண்டும், நேரம் இழுக்கும்.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஆவியில் தோல் நனைந்து ஒட்டிக்கொள்ளும். கம்பித் தட்டில் பரப்பி வைத்தால் நல்லது. கித்துள் பாணியை மேலே ஊற்றினால் படம் மூழ்கிவிடும். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள், தொட்டுத் தின்னட்டும். தேங்காய்ப்பூவில் சர்க்கரை பிசைந்து வைத்தால் அதை ஆமைக்குப் புல் என்று பரப்பி விளையாடுவார்கள்.

முட்டையும் பாலும் சேர்ந்த மா, கொழும்பு வெக்கையில் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இரவே கலக்குவதானால் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டுக் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், காலையில் ஒரு கரண்டி பாலில் கரைத்துச் சேர்க்கலாம். மிஞ்சிய மாவில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை அரிந்து போட்டு, உப்புக் கொஞ்சம் கூட்டி, தடித்த வட்டமாகச் சுட்டால் பெரியவர்களுக்குத் தேநீரோடு சரியாக இருக்கும். சீனி இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், மிளகாய் பார்த்துக்கொள்ளும்.

போத்தலை உடனே கழுவுங்கள். காய்ந்த மா மூக்கில் இறுகினால் பிறகு ஊசி போட்டும் எடுக்க முடியாது. முதலில் பச்சைத் தண்ணீர், முட்டை உள்ளே வெந்துவிடாமல் இருக்க. அப்புறம் சவர்க்காரமும் சுடுதண்ணீரும். மூக்குத் துளைக்குள் விளக்குமாற்றில் போகாத புது ஈர்க்கு ஒன்றை விட்டு இழுங்கள். மூடியைக் கழற்றியே கவிழ்த்துக் காய வையுங்கள். மூடி வைத்தால் அடுத்த ஞாயிறு திறக்கும்போது உள்ளே பூஞ்சணம் இருக்கும்.